எட்டாம் நம்பர் கால்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

என் மகள் தாரிணி காலையில் போன் செய்தாள். பொங்கலுக்கும் என் பிறந்தநாளுக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு பூ அனுப்புவதோடு சரி. அவளாகக் கூப்பிட்டு நெடுநாளாயிற்று. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துத்தான் எடுத்தேன். ஆகித்தான் இருந்தது. அவள் மாமன் திருமூர்த்திக்கு முழங்காலில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன். வருத்தப்பட வேண்டிய செய்தி. நான் வருத்தப்படவில்லை என்பதை இங்கே எழுதுவதில் தவறில்லை. இது என் டைரி.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் பதினான்காம் தேதி கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் மலைச் சைக்கிள் போட்டி. அதில் குடும்ப ஜோடிப் பந்தயம் என்று ஒன்று. ஒரே குடும்பத்தில் இருவர் ஒருவர் பின் ஒருவராகச் சரிவில் இறங்க வேண்டும். முன்னால் போகிறவர் வழி சொல்வார். பின்னால் வருகிறவர் கோட்டைத் தாண்டும் நேரம்தான் இருவரின் நேரமும். வருடாவருடம் தாரிணி திருமூர்த்தியோடு இறங்குவாள். இந்த வருடம் அவளுக்கு ஜோடி இல்லை.

“அப்பா, நீங்க இன்னும் சைக்கிள் ஓட்டறீங்களா?”

“தினமும்.”

“ரோட்லயா?”

“மதுக்கரைக் கரட்டுல. கல்லு மேல.”

“அப்ப என்கூட வர்றீங்களா? ஆனா ஒண்ணு. ஒரு வாரம் முன்னாடி ட்ரையல் போவோம். நான் பாத்து சரின்னு சொன்னாத்தான். இல்லைன்னா பேரை எடுத்துருவேன். கோவிச்சுக்கக் கூடாது.”

“நான் எப்பக் கோவிச்சிருக்கேன்?”

அவள் சிரித்தாள். எதற்கென்று தெரியவில்லை.

இங்கே அவளுக்கு இதுதான் கடைசிப் பந்தயம். அக்டோபரில் மேல்படிப்புக்கு ஜெர்மனி போகிறாள். அந்தச் செய்தியை நான் திருமூர்த்தியின் பேஸ்புக் பக்கத்தில்தான் படித்தேன். பெற்றவன் நான். கேக் வெட்டியது அவன் வீட்டில்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கரட்டுக் குன்றின் கல் சரிவில் இறங்கும்போது வலது கால் பெடலிலிருந்து நழுவியது. பெடல் ஒரு சுற்று சுற்றி வந்து கால் முன்னெலும்பில் அடித்தது. என் பெடல் தட்டையானது. இரு முகத்திலும் சிறு சிறு இரும்பு ஆணிகள் துருத்திக்கொண்டிருக்கும். அவை ஷூவின் அடிப்பாகத்தைக் கவ்விப் பிடிக்க வேண்டும். ஷூவைக் கவ்வாவிட்டால் சதையைக் கவ்வும். வெள்ளை சாக்ஸ் சிவப்பாகிவிட்டது.

தவறு என்னுடையதல்ல. நான் போட்டிருந்தது ஓட்டப் பயிற்சிக்கான ஷூ. அடியில் ஆழமான பள்ளங்கள். ஆணி பள்ளத்துக்குள் விழுந்துவிட்டால் பிடிக்க ரப்பரே இல்லை. போதாததற்கு மெத்தை மாதிரி நுரை. குலுங்கும்போதெல்லாம் காலை மேலே தூக்கிப் போடுகிறது. பொறியியல் கல்லூரியில் உராய்வையும் தேய்மானத்தையும் இருபது வருடத்துக்கு மேல் நடத்தியவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கல்லூரியின் பெயரை நான் எழுதுவதில்லை. என்னிடம் படித்தவனையே எனக்கு மேல் துறைத் தலைவராக உட்காரவைத்துவிட்டு, “அனுசரிச்சுப் போங்க சார்” என்றார்கள். அனுசரிக்காமல் வெளியே வந்தேன். அதே வருடம் என் மனைவி வளர்மதியும் தாரிணியைக் கூட்டிக்கொண்டு அவள் தம்பி திருமூர்த்தியின் வீட்டுக்குப் போனாள். இரண்டுக்கும் தொடர்பில்லை.

எனக்கு வேண்டிய ஷூ எப்படி இருக்க வேண்டும் என்பதில் குழப்பமில்லை. அடி தட்டையாக இருக்க வேண்டும். ரப்பர் மெத்தென்று ஆணியை உள்வாங்க வேண்டும். ஆனால் ரப்பருக்கு மேலிருக்கும் நடுப்பகுதி விறைப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதம் பெடலைச் சுற்றி மடங்கும். இதற்கென்றே வெளிநாட்டில் ஷூ செய்கிறார்கள். விலையைப் பார்த்தால் ஒரு சின்ன பிரிட்ஜ் வாங்கிவிடலாம். பணத்துக்குப் பயந்தவனல்ல நான். ஏமாறுவதற்கு இஷ்டமில்லை.

இந்த ஊரில் அந்த வகை ஷூவைப் போட்டுப் பார்த்து வாங்க எனக்குத் தெரிந்து ஒரு கடைதான் உண்டு. ஆர்.எஸ்.புரத்தில். திருமூர்த்தியின் சைக்கிள் கடை. அங்கே நான் போகப்போவதில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

தையல் போட்ட டாக்டர், “இந்த வயசுல இதெல்லாம் தேவையா சார்?” என்று கேட்டார். டாக்டரை மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 9, சனி

ஒப்பணக்கார வீதியில் கடை கடையாக ஏறினேன். கையில் என் கடின மீட்டர். பார்ப்பதற்குக் கைக்கடிகாரம் மாதிரி வட்டமாக இருக்கும். அடியிலிருக்கும் சிறு முனையை ரப்பரில் அழுத்தினால் அது எவ்வளவு மெத்து என்று முள் காட்டும். ஒரு கடையில் வரிசையாக ஷூக்களைக் கவிழ்த்துப் போட்டு அழுத்திக்கொண்டிருந்தேன். கடைக்காரன் பக்கத்தில் வந்து நின்றான்.

“ஏனுங்க சார், ஷூவுக்குக் காய்ச்சலுங்களா?”

“ரப்பர் எவ்வளவு மெத்துன்னு பாக்கறேன்.”

“கட்டை விரல்ல அமுத்துனாலே தெரியுமுங்களே. எதுக்குங்க வேணும், நடக்கவா ஓடவா?”

“சைக்கிளுக்கு.”

“சைக்கிளுக்கு ஷூங்களா?” உள்ளே திரும்பி யாரிடமோ சொன்னான்: “நாளைக்கு ஊஞ்சலுக்கு ஹெல்மெட் கேட்டு வருவாங்க பாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த முகங்களை நினைவில் வைத்திருக்கிறேன்.

“நம்பர் எத்தனைங்க சார்?”

“எட்டு.”

அவன் என் காலைப் பார்த்தான். “எட்டுங்களா?”

“எட்டுன்னு சொன்னா எட்டு.”

“சரிங்க. எட்டு.”

எனக்குப் பதினேழு வயதில் என்.சி.சி.யில் பூட்ஸ் கொடுத்தபோது ஹவில்தார் அளந்து சொன்ன நம்பர் அது. அன்றிலிருந்து எட்டுதான். வீதியில் நிற்கிற ஒருவன் என் காலை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதை மாற்ற முடியாது.

கடைசியில் தொழிற்சாலையில் போடும் பாதுகாப்பு ஷூ ஒன்றை வாங்கி வந்தேன். விலை குறைவு, விறைப்பு அதிகம். வீட்டில் போட்டு நடந்து பார்த்தேன். புது ஷூ அப்படித்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பாதுகாப்பு ஷூ பயனில்லை. முன்னால் இரும்புக் குமிழ், அடியில் டிராக்டர் டயர் மாதிரி கட்டைகள். ஆணிகள் கட்டைகளின் உச்சியில் நின்று வழுக்குகின்றன. பாதத்தின் கீழ் பெடல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

அப்பார்ட்மெண்டில் கொடியேற்றினார்கள். செயலாளர் மைக்கைப் பிடித்து, சைக்கிளை லிப்டில் ஏற்றுகிறவர்களால் தேசத்தின் பொதுச் சொத்து பாழாவதைப் பற்றி விரிவாகப் பேசினார். பெயர் சொல்லவில்லை. சைக்கிளை லிப்டில் ஏற்றுகிறவன் நான் ஒருவன்தான். மிட்டாய் வாங்காமல் திரும்பினேன்.

வாட்ச்மேன் மாரப்பன் கேட்டைத் திறந்துகொண்டே, “கால்ல என்னங்க சார், நொண்டறீங்க?” என்றார்.

“கேட்டைப் பாரு. காலைப் பாக்கறதுக்கா உனக்குச் சம்பளம்?”

என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் கேட்கத் தேவையில்லாததற்கெல்லாம் பதில் சொல்ல என்னால் முடியாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தாரிணி மறுபடியும் கூப்பிட்டாள்.

“ஷூ கெடச்சுதாப்பா?”

“பாத்துட்டிருக்கேன்.”

“மாமா கடைக்கு வந்து ஒரு தடவை போட்டுத்தான் பாருங்களேன். நம்ம ஊர்ல செஞ்ச ஷூ ஒண்ணு வந்திருக்கு. வெளிநாட்டு வெலைல பாதிக்கும் கம்மி. அங்க வந்தா யாரு உங்களைக் கடிச்சர்றா?”

கடித்திருக்கிறார்கள். அவளுக்குத் தெரியாது.

எங்கள் கல்யாணத்தில், மண்டப வாசலில், வழக்கப்படி பெண்ணின் தம்பி மாப்பிள்ளையின் காலைக் கழுவிப் புது ஷூ போட்டுவிட வேண்டும். திருமூர்த்திக்கு அப்போது மீசை அரும்பும் வயது. செம்பில் தண்ணீர் ஊற்றினான், துண்டால் துடைத்தான், கறுப்பு ஷூவைத் திணித்தான். திணித்தான் என்று எழுதுவது தெரிந்துதான். உள்ளே போகவில்லை. குதிகாலைப் பிடித்து அழுத்தினான். சுற்றி இருந்த அவர்கள் வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த ஷூவோடு மண்டபத்தில் காலையிலிருந்து மத்தியானம் வரை வாங்கோ வாங்கோ என்று நின்றேன். இரண்டு குதிகாலும் உரிந்துவிட்டன. மாப்பிள்ளையை ஆழம் பார்க்கிற குடும்பம் என்று அன்றே புரிந்தது. மறுவீட்டு விருந்துக்கு நான் போகவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. வளர்மதி பல வருடம் கெஞ்சினாள். பிறகு கெஞ்சுவதை விட்டுவிட்டாள். விட்டதை நான் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

பள்ளிப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் கேன்வாஸ். பிடிப்பு இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஆணியையும் உள்ளங்காலால் எண்ணலாம். தொலைந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். பேட்மிண்டன் ஷூ.

உள்ளரங்கில் வழுக்காமலிருக்க அதன் அடியில் தேன் நிறத்தில் ஒரு ரப்பர் வைக்கிறார்கள். மீட்டரின் முள் அப்படியே சாய்ந்துவிட்டது, அவ்வளவு மெத்து. பள்ளங்களும் மிகச் சிறியவை. குறை ஒன்றுதான்: ஷூ துணி போல மடங்குகிறது. அதற்கும் வழி செய்தேன். பழைய பிளாஸ்டிக் முறத்தைப் பாத அளவுக்கு வெட்டி உள்ளே அட்டையாக வைத்தேன். இப்போது விறைப்பும் மெத்தும் ஒரே ஷூவில். வெளிநாட்டுக்காரன் செய்வதை ஒரு கத்தரிக்கோலால் செய்துவிட்டேன். திருமூர்த்தி இதைப் பார்க்க வேண்டும்.

அட்டை வைத்த பிறகு மாட்டுவதற்குக் கொஞ்சம் நேரமாகிறது. தேக்கரண்டிக் காம்பை வைத்து நெம்பினால் போய்விடுகிறது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கரட்டில் பிடிப்பு அபாரம். முதல் பாதியில். பிறகு விரல்கள் மரத்துப்போகின்றன; கால் பெடலில் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது. குனிந்து பார்த்தபோது இல்லை. இடது காலிலும் இப்போது காயம்.

மரத்துப்போவது சர்க்கரை நோயின் அறிகுறி. என் அப்பாவுக்கு இருந்தது.

ஆகஸ்ட் 30, சனி

சர்க்கரை இல்லை. பி12 குறைவு இல்லை. நரம்பு சரியாக இருக்கிறது என்கிறார் புது டாக்டர். அவர், “செருப்பைக் கழட்டிக் காலைக் காட்டுங்க” என்றார். பரிசோதனை முடிவு கையில் இருக்கும்போது காலை எதற்குப் பார்க்க வேண்டும்? எழுந்து வந்துவிட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

இடது கட்டை விரல் நகம் கறுத்துவிட்டது.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு விடியும்போது கோத்தகிரி போய்ச் சேர்ந்தேன். தாரிணி முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருக்கிறாள். யாரும் சொல்லவில்லை. கட்டிப்பிடிப்பாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் என் சைக்கிளின் டயரை அமுக்கிப் பார்த்தாள்.

தோட்டத்து ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்தில் திருமூர்த்தி, முழங்காலில் பட்டையோடு. சைக்கிள் ஓட்ட முடியாவிட்டாலும் சைக்கிள் ஷூவை மாட்டிக்கொண்டு வந்திருந்தான். “வாங் மச்சான், சௌக்கியமுங்களா?” என்றான். தலையாட்டினேன். ஆட்டியதாக அவன் எடுத்துக்கொண்டிருப்பான்.

பாதை தொடங்கும் இடத்தில் நாவல் மரத்தடியில் ஒரு கருப்பராயன் கோயில். கல்லும் வேலும்தான். அங்கே ஷூவைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டபின் இறங்குவது அவர்கள் பழக்கம். தாரிணி கழற்றினாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எனக்குக் கும்பிடும் வழக்கமில்லை. தவிரவும், அந்த ஷூவைக் கழற்றினால் மறுபடி மாட்டத் தேக்கரண்டி வேண்டும்.

இறங்கினோம். அவள் முன்னால், நான் பின்னால். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. பாதி வழியில் பாறை படி படியாக இறங்கும். அவள் தலையைத் திருப்பாமல் கத்திக்கொண்டே போனாள்.

“லெப்ட்ல வாங்க! வேர் இருக்கு! இப்பப் படி! பிரேக்க விடுங்கப்பா! விடுங்க!”

அந்தச் சரிவுக்கு, ஈரக் கல்லுக்கு, என் எடைக்கு, பிரேக்கை விடக் கூடாது என்பது என் கணக்கு. இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தேன். கணுக்காலுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. கால் எப்போது நழுவியது என்று எனக்கே தெரியாது. தேயிலைச் செடிக்குள் கிடந்தேன்.

அவள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஏறி வந்தாள். “நான் சொன்னது கேட்டுதா?”

“கேட்டுச்சு.”

“அப்புறம் ஏன் விடலை?”

“அந்தச் சரிவுல விட்டா முன் சக்கரம் என்ன ஆகும்னு—”

“அப்பா.”

அதற்கு மேல் அவள் வாதாடவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றினாள். “பேரை எடுத்தர்றேன்ப்பா. பரவால்ல. நீங்க ட்ரை பண்ணீங்க.”

அந்தக் குரலை நான் அறிவேன். வளர்மதி கெஞ்சுவதை விட்ட பிறகு பேசிய குரல்.

ஜீப்பில் மேலே ஏறி வந்தோம். கோயில் பக்கம் வந்ததும் திருமூர்த்தி, “கும்பிடாம எறங்குனீங்கள்ல மச்சான், அதான் கருப்பராயன் செடிக்குள்ள தள்ளி விட்டுட்டான்” என்றான். டிரைவர் சிரித்தான்.

“அப்படியா? இப்பக் கும்பிட்டா தூக்கி நிறுத்துவானா? பாத்துரலாம்” என்று இறங்கி, ஷூவைக் கழற்ற உட்கார்ந்தேன். கழலவில்லை. இழுத்தேன். தாரிணி வந்து குதிகாலைப் பிடித்து இழுத்தாள். முறத்து அட்டையோடு சேர்ந்து வந்தது. சாக்ஸின் நுனியில் ரத்தம்.

அவள் சாக்ஸை உருவினாள். விரல்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. கறுத்த நகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“எத்தனாம் நம்பர் இது?”

“எட்டு. என் கால் எட்டு.”

அவள் தன் மாமனைப் பார்த்தாள். அவன் நாவல் மரத்தைப் பார்த்தான்.

“அம்மா சொல்லிருக்காங்க,” என்றாள். “‘உங்கப்பா எப்பவுமே ஒரு சைஸ் சின்னதாத்தான் வாங்குவாரு. ராத்திரி காலுக்கு எண்ணெய் தேச்சு விடறப்பெல்லாம் பாப்பேன், ஆனா யாரு போயி சொல்றது’ன்னு. இத்தனை வருஷமா ஒரே வீட்ல இருந்துட்டு, சொல்லவே இல்லையாம்ப்பா.”

வளர்மதிக்கு எதையும் மிகைப்படுத்தும் பழக்கம் உண்டு.

திருமூர்த்தி ஜீப்பில் உட்கார்ந்தபடியே தன் ஷூவைக் கழற்றினான். பட்டை போட்ட காலை மடக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினான். “ஒம்பதுங். ஒரு தடவை இதுல எறங்கிப் பாருங் மச்சான். புடிக்கலைன்னா தூக்கித் தேயிலைக்குள்ள வீசிருங்.”

“இன்னொருத்தன் போட்டதுல நான் கால் விடறதில்லை.”

“விடுங்க மாமா,” என்றாள் தாரிணி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “வீட்டுக்குப் போலாம்.” ஜீப்பின் பின்னால் கிடந்த என் சைக்கிளை நிமிர்த்திப் பட்டையை இழுத்துக் கட்ட ஆரம்பித்தாள். அந்தப் பட்டை கரகரவென்று இழுபடும் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஷூவுக்குள் காலை விட்டேன். உள்ளே அவன் காலின் சூடு இருந்தது. அருவருப்பாக இருந்தது. விரல்கள் விரிந்துகொண்டன.

“பட்டையை அவுரு,” என்றேன்.

இரண்டாம் முறை கால் நழுவவில்லை. ஒவ்வொரு ஆணியும் ரப்பரை எங்கே பிடிக்கிறது என்று தெரிந்தது. பாறைப் படியில் அவள் கத்தினாள். பிரேக்கைப் பாதி விட்டேன். கீழே வந்து அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: “பதினாலாந் தேதி. ஆறு மணிக்கு இங்க இருக்கணும். ஒம்பதாம் நம்பர் ஷூவோட. பாதி பிரேக் எல்லாம் செல்லாது.”

முதல் முறை கல் ஈரமாக இருந்தது. இரண்டாம் முறை வெயில் வந்து காய்ந்திருந்தது. இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஆர்.எஸ்.புரம் போனேன். பேட்மிண்டன் ஷூவில் ஒன்பதாம் நம்பர் எங்குமே இல்லை என்பதால்தான்.

திருமூர்த்தி அளவுப் பலகையை எடுத்தான். முழங்கால் மடங்காததால் என் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். குதிகாலை விடாமல் பிடித்திருந்தான்.

“ஒம்பதுங் மச்சான்.”

பலகை பழையது; எண்கள் தேய்ந்திருந்தன. மறுபடி அளக்கச் சொன்னேன். மற்ற காலையும் அளக்கச் சொன்னேன். கடையில் இன்னொரு பலகை இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது.

“அதுலயும் ஒம்பதுதானுங்.” பலகையை வைத்துவிட்டுக் குனிந்தபடியே சொன்னான்: “கல்யாணத்துக்கு ஷூ வாங்கப் போனப்ப எட்டுன்னு நீங்க சொன்னதாச் சொல்லுச்சு அக்கா. நிச்சயத்தன்னைக்கு உங்க காலை நான் பாத்திருந்தனுங். எட்டு பத்தாதுன்னு எங்கப்பாகிட்டச் சொன்னேன். ‘மாப்ள வாயில வந்ததுக்கு மேல பேசாத, மரியாதையா இருக்காது’ன்னு அதட்டிப்போட்டாரு. அன்னைக்கு உங்க காலை உள்ள தள்ளறப்ப எனக்கு அழுகையே வந்திருச்சுங். எல்லாரும் சிரிக்கறாங்கன்னு நானும் சிரிச்சேன்.”

அவன் சொன்னதற்கு ஆதாரம் எதுவுமில்லை. அவன் அப்பா இறந்து பல வருடமாகிறது.

இரண்டு ஜோடி எடுத்து வைத்தான். ஒன்று வெளிநாடு, மற்றது நம்மூர். மீட்டரை எடுத்து இரண்டையும் அழுத்தினேன். நம்மூர் ஷூ சற்றுக் கடினம், பெரிய வித்தியாசமில்லை. நடுவில் மடக்கிப் பார்த்தேன்; மடங்கவில்லை. அடி தட்டை. முன்விரல் பக்கம் கல் படாமலிருக்கக் கெட்டியான மூடி.

“இதே போதுமுங். அதுல கூட இருக்கறது பேரு மட்டுந்தான்,” என்றான் நம்மூர் ஷூவைக் காட்டி.

கூட விலையுள்ளதை விற்றிருக்கலாம். ஏன் விற்கவில்லை என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அதில் ஏதோ இருக்க வேண்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இறங்கினோம்.

கருப்பராயன் முன்னால் ஷூவைக் கழற்றினேன். கும்பிடவில்லை; கழற்றி மாட்ட எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பதற்காகத்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

காலையில் தூறல். கல் ஈரம். போன வாரத்தைவிட ஈரம். தாரிணி முன்னால். தேயிலைக்கு நடுவே அவள் ஹெல்மெட் மட்டும் தெரிந்தது. “ரைட்! வேர்! இப்பப் படி!” பிறகு அந்த இடம். “விடுங்கப்பா!”

விட்டேன். முழுவதும்.

சைக்கிள் படிகளின் மேல் தானாக ஓடியது. கால் இரண்டும் பெடலோடு இருந்தன. என் வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்ததாகத் தாரிணி சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. வேகம் கூடும்போது சக்கரங்கள் நிலைபெறும் என்பது பாடப் புத்தகத்திலேயே உள்ள விஷயம். என் கணக்குப்படியும் அங்கே விடுவதுதான் சரி.

பரிசு எதுவும் இல்லை. நடுவில் எங்கேயோ வந்தோம். எங்களுக்கு முன்னால் வந்தவர்களில் இரண்டு ஜோடியின் குடும்ப உறவு எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. தாரிணி என் ஹெல்மெட்டோடு தன் ஹெல்மெட்டை மோதினாள். பிறகு அப்படியே சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றாள். சேறு என் சட்டையெல்லாம் ஆகிவிட்டது.

வளர்மதி வந்திருந்தாள். புளிச்சோறு கட்டிக்கொண்டு, தன் தம்பியோடு. மூன்று வருடத்துக்குப் பிறகு எதிரெதிரே நின்றோம். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள்.

“சரியா இருக்குதுங்களா?”

“கொஞ்சம் லூஸு,” என்றேன்.

“இருக்கட்டுமுங்க,” என்றாள். சிரித்த மாதிரி இருந்தது. ஒரு இலையை எடுத்துத் தண்ணீர் தெளித்து என் பக்கம் நீட்டினாள்.

அது திருமூர்த்தி வீட்டில் செய்த சோறு. பசி. சாப்பிட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வீட்டிலிருந்த எட்டாம் நம்பர் செருப்பு, ஷூ எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டேன். ஐம்பது வயதுக்கு மேல் பாதம் விரியும் என்று எங்கேயோ படித்திருக்கிறேன், மருத்துவ உண்மை. விரிந்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

சாக்கோடு கீழே இறங்கினேன். கேட்டில் மாரப்பன் எழுந்து நின்றார். கறுப்புத் தோல் ஷூ ஒன்று புதிதாகவே இருந்தது. அதை எடுத்து நீட்டினேன். “ஆகுதான்னு போட்டுப் பாரு.” நாக்கு ஒரு நொடி நின்றது. “பாருங்க,” என்றேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து மாட்டினார். குதிகால் உள்ளே போகவில்லை. விரலை விட்டு நெம்பி, மூச்சைப் பிடித்து அழுத்தி, எழுந்து நின்றார். தோல் இரு பக்கமும் புடைத்துக்கொண்டு நின்றது. இரண்டடி நடந்தார். முகம் சுண்டியது, உடனே அதைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

“எனக்குன்னே அளவெடுத்தாப்பல இருக்குதுங்க சார்.”

நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் மறுபடியும் சொன்னார்: “நெசமாத்தானுங்க சார். துளிகூடக் கடிக்கலை.”

“கழட்டுங்க,” என்றேன்.

கழற்றினார். சுண்டுவிரல் பக்கம் சிவந்து தடித்திருந்தது.

கடிக்குதுன்னு முதல்லயே சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பதற்கு வாயைத் திறந்தேன். கேட்கவில்லை.